அச்சகத்துக்குப் போகுமுன்: தாள் முதல் பைண்டிங் வரை தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

"நல்ல பேப்பரா, பளிச்சுன்னு போட்டுக் குடுத்துடுங்கண்ணே." கும்பகோணத்தில் எந்த அச்சகத்தில் அரைநாள் உட்கார்ந்திருந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும். கும்பாபிஷேக மலர் போட வந்த விழாக்குழுவினர், ஊர் வரலாற்றை எழுதி எடுத்துக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார், கல்யாணப் பத்திரிகைக்கு வந்த பெண்ணின் தகப்பனார் எல்லோரும் சொல்வது இதைத்தான். "செஞ்சுடலாம் சார்" என்று அச்சகத்துக்காரரும் சொல்வார். இரண்டு பேரும் உண்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் மனதில் இருக்கும் நல்ல பேப்பர் வேறு, மற்றவர் மனதில் இருப்பது வேறு. புத்தகம் கட்டுக் கட்டாக வந்து இறங்கிய பிறகுதான் அது வெளியே வரும். அப்போது யாராலும் எதையும் மாற்ற முடியாது.

ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் கம்போஸிங் பழகினேன். பிறகு கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி. இப்போது எங்கள் பக்கத்து ஊர்ப் புத்தகங்களை அச்சுக்குக் கொண்டுபோய் முடித்துக் கொடுக்கும் வேலை. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மனஸ்தாபங்களில் பெரும்பாலானவை, ஆரம்பத்தில் ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதால் வந்தவை. அதனால் அச்சுத்தொழிலின் சொற்களை வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே சொல்லிக்கொண்டு போகிறேன். உதாரணத்துக்கு ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்வோம்: வலங்கைமான் பக்கத்து ஒரு சிற்றூரின் கோயில் வரலாறு, 160 பக்கம், 500 பிரதி.

முதல் படி: அளவும் பாரமும்

புத்தக அளவைச் சொல்லும்போது அச்சகத்தில் டெமி, கிரவுன், ராயல் என்பார்கள். இவை தாளின் பழைய அளவுப் பெயர்கள். டெமி என்பது 18க்கு 23 அங்குலத் தாள். இரண்டு டெமி சேர்ந்தால் டபுள் டெமி, 23க்கு 36. கிரவுன் 15க்கு 20, டபுள் கிரவுன் 20க்கு 30. "டெமி 1/8" என்றால் ஒரு டெமி தாளை எட்டு இதழாக மடித்தால் கிடைக்கும் அளவு. ஓரம் வெட்டியபின் 5.5க்கு 8.5 அங்குலம் நிற்கும். கடையில் பார்க்கும் நாவல்களும் கட்டுரை நூல்களும் பெரும்பாலும் இதுதான். கிரவுன் 1/8 கையடக்கம், சுமார் 4.75க்கு 7.25, பாராயணப் புத்தகத்துக்குப் பொருத்தம். படங்கள் நிறைந்த மலர் என்றால் டெமி 1/4, அதாவது 8.5க்கு 11.

அடுத்த சொல் பாரம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கணக்கு கைக்கு வந்துவிடும். ஈய எழுத்துக் காலத்தில் பல பக்கங்களை ஓர் இரும்புச் சட்டத்துக்குள் அடுக்கி இறுக்கி மெஷினில் ஏற்றுவோம். அதற்குப் பெயர் பாரம். சட்டம் போய்விட்டது, சொல் மட்டும் நிற்கிறது. புத்தக வேலையில் ஒரு பாரம் என்றால் 16 பக்கம்: ஒரு டெமி தாளின் முன்பக்கம் 8, பின்பக்கம் 8.

வீட்டில் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து மூன்று முறை மடித்துப் பாருங்கள். எட்டு இதழ், பதினாறு பக்கம். மடிப்பைப் பிரிக்காமல் மூலையில் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு விரித்தால் எண்கள் தாறுமாறாக, சில தலைகீழாக இருக்கும். ஆனால் முதுகு மடிப்புக்கு இரண்டு பக்கமும் உள்ள எண்களைக் கூட்டுங்கள்: 1ம் 16ம், 4ம் 13ம், எதைக் கூட்டினாலும் 17. இப்படி அடுக்கும் கலைதான் இம்போசிஷன். நீங்கள் செய்த அந்த மாதிரிக்கு டம்மி என்று பெயர். நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர்களும் சந்தேகம் வந்தால் ஒரு தாளை மடித்துத்தான் பார்ப்பார்கள்.

நம் புத்தகம் 160 பக்கம், சரியாகப் 10 பாரம். 163 பக்கமாக எழுதிவிட்டால்? மீதி 3 பக்கத்துக்காக அரைப் பாரமோ கால் பாரமோ தனியாக ஓட்ட வேண்டும்; அதற்குத் தனி பிளேட் (பக்கங்களைப் பதித்து மெஷினில் ஏற்றும் அலுமினியத் தகடு), தனி ஓட்டுக்கூலி, வெற்றுப் பக்கங்கள். இரண்டு நன்றியுரையைச் சுருக்கினால் அந்தச் செலவு இல்லை. பக்க எண்ணிக்கையை 16ஆல் வகுபடும்படி வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் 8ஆல்.

தாள் கணக்கு இனிச் சுலபம். ஒரு பிரதிக்குப் 10 டெமி தாள், அதாவது 5 டபுள் டெமி. 500 பிரதிக்கு 2,500 தாள். ஒரு ரீம் 500 தாள் என்பதால் 5 ரீம். (பள்ளிக்கூடத்தில் ஒரு குயர் நோட்டு, இரண்டு குயர் நோட்டு என்று கேட்டு வாங்கினோமே, அந்தக் குயரும் இதே குடும்பம்தான். பழைய கணக்கில் 24 தாள் ஒரு குயர், 20 குயர் ஒரு ரீம், ஆக 480. இப்போது 25 தாள், 500.) இதோடு வேஸ்டேஜ் சேரும். மை சமப்பட்டு, பக்கம் நேராக விழும்வரை மெஷின் தின்னும் தாள் அது. 500 பிரதியானாலும் 5,000 ஆனாலும் இந்த ஆரம்பச் சேதம் பெரிதாக மாறாது. குறைந்த பிரதிக்கு ஒரு புத்தக விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐம்பது, நூறு பிரதிதான் வேண்டும் என்றால் பிளேட்டே இல்லாத டிஜிட்டல் பிரிண்டைக் கேளுங்கள்.

இரண்டாம் படி: தாள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புத்தகம் கையில் எப்படி உட்கார்கிறது, எத்தனை வருஷம் நிற்கிறது என்பதெல்லாம் தாளில் இருக்கிறது.

நம் ஆற்றோடு சேர்த்தே தொடங்கலாம். காவிரிக்கரையில் மேற்கே போனால் கரூர் மாவட்டத்துக் காகிதபுரம். தமிழ்நாடு அரசு 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை அங்கே இருக்கிறது. அதன் முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைக் கொதிகலனில் போட்டு எரித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வேறு எரிபொருள் கொடுத்துவிட்டுச் சக்கையைக் காகிதத்துக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே வளர்ந்தது. நம் டெல்டாவில் குருங்குளம் பக்கம் கரும்பு வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புத்தகமும் நினைவுக்கு வரும்.

சக்கைக்குள் பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றை முதலில் நீக்குவார்கள். அதில் நார் இல்லை. மிச்சத்தை ரசாயனத்தில் வேகவைத்தால் கூழ். மரத்திலும் சக்கையிலும் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசின் போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வேகவைக்கும்போது அது கரைந்து போய்விடும். மரத்தை வேகவைக்காமல் அரைத்தே கூழாக்கினால் லிக்னின் தாளிலேயே தங்கிவிடும். வெயிலும் காற்றும் பட்டதும் பழுப்பேறும். பரணில் கிடக்கும் பழைய செய்தித்தாள் மஞ்சளாக நொறுங்குவது அதனால்தான். 'உட்ஃப்ரீ' என்று தாள்காரர் சொன்னால் மரமே சேராத தாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லிக்னினை நீக்கிய கூழில் செய்த தாள் என்றே பொருள். பாதுகாத்து வைக்கவேண்டிய புத்தகத்துக்கு இதைத்தான் கேட்க வேண்டும்.

கரும்பு நார் குட்டை. அதனால் தாள் வழவழப்பாக வரும், ஆனால் கிழியாமல் தாங்கும் வலு குறைவு. அதற்காக மரக்கூழும் கலப்பார்கள். மை கசியாமல் இருக்கச் சேர்ப்பது சைசிங். பள்ளம் நிரப்பவும் வெண்மைக்கும் பின்பக்கம் தெரியாமல் மறைக்கவும் சேர்க்கும் சுண்ணப்பொடிக்கு ஃபில்லர் என்று பெயர். உருளைகளுக்கு நடுவே அழுத்தி மழமழப்பாக்குவது கேலண்டரிங். மேலே வெள்ளைப் பூச்சு கொடுத்தால் கோட்டட் பேப்பர், நம் பேச்சில் ஆர்ட் பேப்பர்.

சரி, கடைக்குப் போனால் கேட்க வேண்டியது என்ன?

மேப்லித்தோ என்பது பூச்சில்லாத, புத்தகத்துக்கு ஏற்ற வெள்ளைத் தாள். நேச்சுரல் ஷேட் என்றால் இலேசான சந்தன நிறம். எனக்கு இதுதான் பிடிக்கும். தூய வெள்ளையில் குழல்விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசும். வயதானவர்கள் அதிகம் படிக்கப் போகும் கோயில் வரலாற்றுக்குச் சந்தன நிறத் தாள் இதமாக இருக்கும். படங்களுக்கு மட்டும் நடுவில் 8 பக்கம் ஆர்ட் பேப்பர் சேர்த்தால் போதும். முழுப் புத்தகத்தையும் ஆர்ட் பேப்பரில் போட்டால் கனக்கும், பளபளப்பில் எழுத்து படிக்க முடியாது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். செய்தித்தாள் 45 அளவில் இருக்கும், புத்தகத் தாள் 60, 70, 80, அட்டைக்கான ஆர்ட் போர்டு 250, 300. சொன்ன ஜிஎஸ்எம்தான் வந்திருக்கிறதா என்று தராசை வைத்தே பார்க்கலாம். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, தாள் எண்ணிக்கையால் பெருக்கி, 1,550ஆல் வகுத்தால் எடை கிராமில் வரும். டபுள் டெமி 70 ஜிஎஸ்எம் ஒரு ரீம்: 23 × 36 × 70 × 500 ÷ 1,550. விடை ஏறக்குறைய 18.7 கிலோ. நம் 5 ரீமும் சேர்ந்து சுமார் 93 கிலோ. வீட்டிலேயே சோதிக்கலாம்: 75 ஜிஎஸ்எம் ஏ4 கட்டு, 500 தாள், 2.3 கிலோவைச் சற்றுத் தாண்ட வேண்டும்.

ஜிஎஸ்எம் கூடினால் தாள் தடிமனாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஒரே எடையில் ஒரு தாள் மெத்தென்று தடிமனாகவும் இன்னொன்று இறுகி மெல்லியதாகவும் இருக்கலாம். அந்தத் தன்மைக்கு பல்க் என்று பெயர். 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் அழுத்தி அழுத்திச் செய்தது, தொட்டால் மெல்லியதாகவே இருக்கும். பின்பக்க எழுத்து முன்னால் தெரியாமல் மறைக்கும் தன்மை ஒபாசிட்டி. 60 ஜிஎஸ்எம்மில் காசு மிச்சம் என்று இறங்கியவர்கள் பலர், பின்பக்கப் படம் முகத்தில் தெரிகிறதே என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். அச்சகத்தில் அதே தாளில் அச்சான வேறு புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் போய்ப் புரட்டிப் பாருங்கள்.

யாரும் கேட்காத, ஆனால் கேட்டே ஆகவேண்டிய சொல் கிரெய்ன். தாள் மெஷினில் ஓடும்போது நார்கள் ஓடும் திசையில் படுத்துவிடும். வாழைப்பட்டையை நீளவாக்கில் கிழித்தால் நூல் பிடித்த மாதிரி வரும், குறுக்கே கிழித்தால் பிய்யும், தாளும் அப்படியே. ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்கினால் சுருளும். சுருண்ட குழலின் நீளவாட்டம் எதுவோ அதுதான் கிரெய்ன் திசை. புத்தகத்தில் கிரெய்ன் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்துக்கொண்டு தானாக மூடும், முதுகுப் பக்கம் அலை அலையாகும்.

ஏனென்றால் ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் நீளாது, பக்கவாட்டில்தான் பருக்கும். டெல்டாவில் இது ஏட்டுப் பாடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் சுவரே வியர்க்கும் ஊர் நம்முடையது. ஒருமுறை ஐப்பசி அடைமழையில் ஒரு விழா மலர் அச்சானது. எந்த அச்சகம் என்பது வேண்டாம். கிரெய்னைப் பார்க்காமல், கையில் இருந்த தாளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். வெளியீட்டு மேடையில் முதல் பிரதியைப் பிரித்த பெரியவர், பக்கம் நிற்காமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டே வாசித்தார். படம் எடுத்தவர்கள் எல்லோருடைய படத்திலும் அந்தக் கைகள்தான்.

மழைக்காலத்தில் அச்சுப் போடுவதாக இருந்தால் தாள் கட்டின் உறையைப் பிரிக்காமல் அச்சறையிலேயே ஒரு நாளாவது இருக்கவிடச் சொல்லுங்கள். இதற்குக் கண்டிஷனிங் என்று பெயர். பிரித்து வைத்த தாள் ஓரத்தில் மட்டும் ஈரம் குடித்து அலையாகிவிட்டால் மெஷின் அதை நேராகப் பிடிக்காது. முடிந்தால் தை பிறந்ததும் அச்சு என்று திட்டமிடுங்கள்.

மூன்றாம் படி: பக்க அமைப்பு

எழுத்தின் அளவுக்கும் தாளின் செலவுக்கும் உள்ள உறவை நம் டெல்டா முந்நூறு வருஷம் முன்பே கண்டது. தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தொடங்கிய அச்சுக்கூடத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிது, தாளோ கப்பலில் வரவேண்டியது, கட்டுப்படியாகவில்லை. பக்கத்துப் பொறையாறில் சின்ன எழுத்து வார்த்தார்கள். அங்கேயே காகித ஆலை ஒன்றும் வைத்துப் பார்த்தார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது. இன்று நாம் பாயிண்ட் என்று சொல்வதும் அதே கணக்குத்தான். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். டெமி 1/8இல் தமிழுக்கு 11 அல்லது 12 பாயிண்ட் பொருந்தும், வயதானவர்களுக்கு 13. தமிழில் எழுத்துக்கு மேலே சுழியும் கீழே காலும் உண்டு என்பதால் லீடிங், அதாவது வரி இடைவெளி, தாராளமாக இருக்கட்டும். பக்கத்தைக் குறைக்கிறேன் என்று வரியை நெருக்கினால் 'பூ'வின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும்.

எழுத்துரு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பல டிடிபி நிலையங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. மாற்றும்போது கொம்பு இடம் மாறும், 'ஸ்ரீ', 'க்ஷ' உடையும், சில இடத்தில் எழுத்தே காணாமல் போகும். மாற்றியபின் தேடிப் பார்க்க வேண்டிய முதல் எழுத்துகள் இவை. அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். எம்பெட் செய்வது என்பார்கள்.

படங்களுக்கு 300 டிபிஐ. ஓர் அங்குலத்தில் 300 புள்ளி வேண்டும் என்று பொருள். 4 அங்குல அகலத்தில் கோபுரம் வரவேண்டும் என்றால் படத்தின் அகலம் 1,200 புள்ளியாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். திரையில் தெரிவது ஆர்ஜிபி, ஒளியால் ஆன நிறம். அச்சில் விழுவது சிஎம்ஒய்கே: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை. திரையில் ஜொலித்த மயில்நீலம் தாளில் கொஞ்சம் அடங்கித்தான் வரும்.

கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். ஆர்ஜிபி கறுப்பை அப்படியே விட்டால் அது நாலு மையின் கலவையாக மாறி, நாலு முறை ஒன்றின்மேல் ஒன்றாக விழும். இம்மி பிசகினாலும் 'ண', 'ஞ', 'ஜ' இவற்றின் சுழிகள் அடைந்துபோகும். தமிழுக்கு இது ஆங்கிலத்தைவிடப் பெரிய ஆபத்து.

நிறமோ படமோ பக்க ஓரம்வரை போனால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி வைக்க வேண்டும். அதுதான் பிளீட். இல்லையென்றால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கீற்று தெரியும். அதேபோல எழுத்தும் முகங்களும் வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளியே இருக்கட்டும்.

நான்காம் படி: மெய்ப்பு

புரூஃப் என்பதைத் தமிழில் மெய்ப்பு என்கிறோம். அழகான சொல். இரண்டு முறையாவது தாளில் எடுத்துப் பாருங்கள், திரையில் கண் ஏமாறும். முதல் மெய்ப்பில் எழுத்து, ஒற்று, விட்டுப்போன வரி. இரண்டாவதில் முதல் மெய்ப்பின் திருத்தங்கள் ஏறியதா என்பதை மட்டும் பாருங்கள். அப்போது புதிய பத்தி எழுத ஆரம்பித்தால் பக்கம் நகர்ந்து பாரக் கணக்கு உடையும். நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலை எழுதியவரே பார்க்கக்கூடாது, ஊரில் எல்லோரையும் தெரிந்த இன்னொருவர் பார்க்க வேண்டும். கடைசிப் படியில் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு வரும் பிழை உங்களுடையது, அதற்கு முன் சொன்ன திருத்தம் ஏறாவிட்டால் அச்சகத்துடையது. இரண்டு தரப்புக்கும் அது பாதுகாப்பு.

ஐந்தாம் படி: பிளேட்டும் மெஷினும்

ஆப்செட் அச்சின் அடிப்படை எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான். அலுமினிய பிளேட்டில் எழுத்துள்ள இடம் மையை வாங்கும், வெற்றிடம் தண்ணீரை வாங்கும். பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கு, அங்கிருந்து தாளுக்கு. நேரே தாளில் படாமல் பிளாங்கெட் வழியாகப் போவதால்தான் ஆப்செட் என்ற பெயர். தண்ணீர் குறைந்தால் வெற்றிடத்திலும் மை அப்பும், கூடினால் எழுத்து வெளிறும்.

உங்கள் செலவைத் தீர்மானிப்பது மெஷினின் அளவு. சிறிய மினி ஆப்செட்டில் டெமி தாளைப் பாதியாக வெட்டித்தான் ஓட்ட முடியும்; ஒரு பிளேட்டில் 4 பக்கம். நம் 160 பக்கத்துக்கு 40 பிளேட். டெமி மெஷினில் பிளேட்டுக்கு 8 பக்கம், 20 பிளேட். டபுள் டெமி மெஷினில் 16 பக்கத்தையும் ஒரே பிளேட்டில் வைத்து, ஒரு பக்கம் ஓட்டி, தாளைத் திருப்பி அதே பிளேட்டிலேயே மறுபக்கம் ஓட்டலாம். ஒர்க் அண்ட் டர்ன் என்பது இதுதான். தாளை நடுவில் வெட்டினால் அதே பாரம் இரண்டு பிரதி கிடைக்கும், பிளேட் வெறும் 10. இரண்டு அச்சகங்களின் விலை ஏன் வேறுபடுகிறது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இங்கே இருக்கிறது.

மெஷின் தாளைக் கவ்விப் பிடிக்கும் ஓரம் கிரிப்பர். அங்கே அச்சு விழாது. நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழுவது ரெஜிஸ்டர். முகத்துக்குப் பக்கத்தில் சிவப்போ நீலமோ நிழல்போலத் தெரிந்தால் ரெஜிஸ்டர் அவுட். ஈர மை மேலே அடுக்கிய தாளின் முதுகில் ஒட்டினால் அது செட்-ஆஃப். மழை நாளில் மை காயத் தாமதமாவதால் இது அதிகம். "நாளைக்கே வேணும்" என்று அவசரப்படுத்தினால் இந்தக் கறையை நாமே கேட்டு வாங்குகிறோம்.

அட்டை ஓடும் நாளில் நேரில் போய் நில்லுங்கள். உள்பக்கத்துக்குத் தேவையில்லை, அட்டைக்கு அவசியம்.

ஆறாம் படி: பைண்டிங்

வேலையில் கடைசி, முடிவெடுப்பதில் முதல். ஏனென்றால் பைண்டிங்கைப் பொறுத்தே உள் மார்ஜின் விடவேண்டும்.

நடுவில் கம்பி அடிப்பது சென்டர் பின். 64 பக்கம்வரை அழகாக இருக்கும், பக்கங்கள் 4ஆல் வகுபட வேண்டும். முதுகை அரத்தால் சீவிச் சூடான பசையில் அட்டையை ஒட்டுவது பெர்ஃபெக்ட் பைண்டிங். செலவு குறைவு, நம் 160 பக்கத்துக்குப் போதுமானது. ஆனால் தரையில் விரித்து வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கும் புத்தகம் என்றால் சில வருஷத்தில் இதழ் உதிரும். பாரம் பாரமாக நூலால் தைப்பது செக்‌ஷன் தையல். கூடக் கொஞ்சம் செலவானாலும் கோயில் வரலாறு, தேவாரப் புத்தகம், குடும்ப வரலாறு எதுவானாலும் நான் தையலைத்தான் சொல்வேன். பேரன் காலத்திலும் பிரித்தால் பிரிந்து நிற்கும்.

முதுகின் தடிமன் தெரியாமல் அட்டை வடிவமைக்கக்கூடாது. 160 பக்கம் என்றால் 80 இதழ். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ ஒரு தாள் சுமார் 0.09 மில்லிமீட்டர். ஆக 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஆர்ட் பக்கங்கள் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம்.

அட்டைக்கு லாமினேஷன் என்ற மெல்லிய படலம் உண்டு. கிளாஸ் பளபளக்கும், மேட் அடங்கித் தெரியும். மடிக்கும் இடத்தில் தடம் போடுவது கிரீசிங்; அது இல்லாமல் 300 ஜிஎஸ்எம் போர்டை மடித்தால் வெடித்துவிடும். தங்க எழுத்துக்கு ஃபாயில், எழுத்து புடைத்து நிற்க எம்பாசிங், ஓரிடம் மட்டும் மினுங்க ஸ்பாட் யூவி. கல்யாணப் பத்திரிகைக்கு வருபவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு: கிளாஸ் லாமினேஷன் போட்டால் நாலு மூலையிலும் தடவும் மஞ்சள் பிடிக்காது. வழித்துக்கொண்டு போய்விடும்.

கொட்டேஷன் கேட்கும் விதம்

இத்தனையும் தெரிந்தபின் துண்டுச் சீட்டில் எழுதவேண்டியது நாலு வரிதான். நம் புத்தகத்துக்கு இப்படி இருக்கும்: "டெமி 1/8, 160 பக்கம், ஒரு நிறம், 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ, கிரெய்ன் முதுகுக்கு இணை. நடுவில் 8 பக்கம், நாலு நிறம், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, வெளிப்பக்கம் நாலு நிறம், மேட் லாமினேஷன். செக்‌ஷன் தையல். 500 பிரதி. பிளேட், தாள், அச்சு, பைண்டிங், வண்டிக்கூலி தனித்தனியாக." இதே சீட்டை மூன்று அச்சகத்தில் கொடுத்தால்தான் வரும் விலைகளை ஒப்பிடவே முடியும். ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிட்டு விலையை ஒப்பிடுவது கல்லையும் நெல்லையும் ஒரே மரக்காலில் அளக்கிற மாதிரி.

கட்டு இறங்கும் நாள்

மேல் கட்டை மட்டும் பிரிக்காதீர்கள். நடுவில் ஒரு கட்டு, அடியில் ஒரு கட்டு பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்துப் பக்க எண்ணை ஒன்றுவிடாமல் புரட்டுங்கள். பாரம் மாறித் தைத்திருந்தால் 32க்குப் பிறகு 49 வரும். பாரம் விட்டிருந்தாலும் இப்படித்தான் பிடிபடும். முதுகில் தலைப்பு நடுவில் இருக்கிறதா, வெட்டு சதுரமாக இருக்கிறதா, அட்டை ஓரத்தில் படலம் உரிகிறதா என்று பாருங்கள். பிரதிகளை எண்ணி, கெட்டவற்றைத் தனியே வைத்து, அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கட்டுகளைச் சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டாம். இரண்டு பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். நிற்கவைக்காமல் படுக்கவையுங்கள். கோயில் மண்டபத்து ஓரத்தில் அடுக்குவதானால் அபிஷேகத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இடம் பாருங்கள்.